கறள் தண்ணீரும் கொண்டிஸ் போத்தலும்

போன கிழமை ஆய்வுகூடத்திலிருந்து எங்கள் குழாய்க்கிணற்றுத் தண்ணீரின் இரண்டாவது அறிக்கை வந்தது. இரும்பு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். வைகாசியில் கொடுத்த முதல் மாதிரியில் அது 3.8 ஆக இருந்தது. 0.3க்குக் கீழே போனால்தான் துணியில் கறை பிடிக்காது. அந்தக் கோட்டுக்குக் கீழே வர எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. நாலு தரம் பிழைவிட்டு ஐந்தாவது தரம் சரிவந்த வேலை இது. எங்கள் பக்கத்தில் இதே தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீடு ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில், மாங்குளம் - முல்லைத்தீவு வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே. குழாய்க்கிணறு 140 அடி. மோட்டரைப் போட்டதும் வரும் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். அரை மணித்தியாலம் வாளியில் விட்டால் மஞ்சளாகும். விடிய எழும்பிப் பார்த்தால் அடியில் செம்மண் கரைத்தது போலக் கறள் படிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால் தேத்தண்ணி கறுத்துவிடும். குடிக்க ஆர்.ஓ. தண்ணீர் வாங்குகிறோம், அதனால் அது பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை தோய்க்கிற தண்ணீர். மகளின் பள்ளிக்கூடச் சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு அவள் ஒருநாள் கேட்டாள்: "அப்பா, இது வெள்ளையே?" அந்தக் கேள்வியோடுதான் நான் வேலையைத் தொடங்கினேன்.

முதல் பிழை, கடையில் வாங்கின வடி. நீலக் கூட்டுக்குள் பஞ்சுத் திரி வைத்த சாமான், 18,500 ரூபா. இரும்பு நிற்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். நிற்கவில்லை. வடிக்கு முன்னாலும் தெளிவு, பின்னாலும் தெளிவு, வாளிக்குள் வந்து அரை மணித்தியாலத்தில் அதே மஞ்சள். நிலத்துக்கடியில் இரும்பு உப்புப்போலக் கரைந்த நிலையில் இருக்கிறது. கரைந்ததை எந்தப் பஞ்சாலும் பிடிக்க ஏலாது. அதை முதலில் கறளாக்க வேண்டும், அப்புறம்தான் வடிக்க வேண்டும். இந்த வரிசை விளங்க எனக்கு 18,500 ரூபா போனது.

இரண்டாவது பிழை சின்னது, ஆனால் சட்டை போனது. மஞ்சள் போகட்டும் என்று மனைவி குளோரின் வெளிற்றியில் ஊறவைத்தா. தண்ணீரில் கரைந்திருந்த இரும்பு முழுவதும் துணியின் நூலுக்குள்ளேயே கறளாகி இறுகிவிட்டது. குளோரினும் ஓர் ஒட்சியேற்றிதான், ஒட்சிசனைப்போல அதுவும் இரும்பைக் கறளாக்கும். கறள் தண்ணீர் உள்ள வீட்டில் வெள்ளைத் துணிக்கு அதைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்.

அடுத்தது காற்று. கறள் உண்டாவது காற்றிலுள்ள ஒட்சிசனால். ஆகவே தண்ணீரைக் காற்றில் அளைய விட்டால் வேலை முடியும் என்று நினைத்தேன். மூன்று பிளாஸ்ரிக் கூடைகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஓரடி இடைவெளியில் கட்டி, உள்ளே முக்கால் இஞ்சிச் சல்லி பரப்பி, மேலே குளியலறைப் பூவாளித் தலை ஒன்றைப் பொருத்தினேன். செலவு 1,800 ரூபா. தண்ணீர் மழைபோலக் கூடைகளுக்குள்ளால் விழுந்து 500 லீற்றர் தாங்கிக்குள் போகும். இரண்டாம் நாளே சல்லி செம்மஞ்சளாகியது, சந்தோசப்பட்டேன். ஆனால் தாங்கியிலிருந்து எடுத்த தண்ணீர் பிறகும் மஞ்சளாகியது, முன்னையதைவிடப் பாதியளவுக்கு. காரணம் தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பா காரமா என்று காட்டும் அளவு, 6.6. நடு 7, அதற்குக் கீழே புளிப்பு. பி.எச். குறைந்த தண்ணீரில் காற்று இரும்பை மிக மெதுவாகத்தான் ஒட்சியேற்றும். பி.எச். ஓர் அலகு கூடினால் வேகம் நூறு மடங்கு அளவில் கூடும். என்னுடைய தாங்கிக்கு அவ்வளவு நேரம் இல்லை.

பி.எச். கூட்ட வேண்டும் என்று வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தபோது மாமி சொன்னா: "தம்பி, சாம்பலைப் போட்டுப் பாரன். நாங்கள் அந்த நாளையில சாம்பல் தண்ணியிலதானே உடுப்பு அவிச்சனாங்கள்."

மாமி சொன்னதில் விசயம் இருந்தது. விறகுச் சாம்பலில் பொற்றாசியம் காபனேற்று இருக்கிறது. பொற்றாசியம் என்ற பெயரே சட்டியில் காய்ச்சி எடுத்த சாம்பல் உப்பிலிருந்து வந்ததுதான். அதைத் தண்ணீரில் போட்டால் பி.எச். ஏறும். அடுப்புச் சாம்பலை நுளம்பு வலையால் சலித்து, ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, அந்தத் தெளிவில் ஒரு பேணி அளவை இன்னொரு வாளிக் கிணற்றுத் தண்ணீருக்குள் ஊற்றிக் கலக்கினேன். கால் மணித்தியாலத்தில் கறள் கட்டிகட்டியாகத் திரண்டு கீழே இறங்கியது. மேலே நல்ல தெளிவு. அந்த வாளியை மாமியும் நானும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாளியில் வந்தது தாங்கியில் வரவில்லை. ஒருநாள் விறகு பாலை, ஒருநாள் தென்னை மட்டை, ஒருநாள் முதிரை. சாம்பலின் காரம் ஒவ்வொன்றுக்கும் வேறு. ஒருநாள் பி.எச். தாள் 7 காட்டும், அடுத்த நாள் 9க்கு மேலே ஏறித் தண்ணீர் கையில் வழுவழுக்கும். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பும் கூட, காரம் ஏறினால் அதுவும் திரண்டு வெள்ளையாகப் படியும். மூன்று கிழமை பார்த்துவிட்டு விட்டேன். ஒரே தரமான சாம்பல் தொடர்ந்து கிடைக்கிற வீட்டில் இது சரிவரலாம். எனக்கு அளந்து போடக்கூடிய ஒன்று வேண்டியிருந்தது.

அப்படித்தான் கொண்டிஸுக்கு வந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சாமான். இலைக்கறி கழுவ, புண் கழுவ, கிணறு இறைத்தபின் போட என்று அம்மம்மா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் கொண்டி என்பவர் விற்ற கிருமிநீக்கியின் பெயர்தான் எங்கள் வாயில் கொண்டிஸ் ஆகிவிட்டது. பள்ளிக்கூடப் பெயர் பொற்றாசியம் பரமங்கனேற்று.

அந்தப் பெயரை நான் முதலில் எழுதினது 1997இல். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் நடந்த உயர்தர வகுப்பு. பொருள்தடைக் காலம், இரசாயனம் ஒன்றும் இல்லை. பரமங்கனேற்று நியமிப்பை, அதாவது துளித்துளியாக விட்டு அளவு காணும் பரிசோதனையை, ஆசிரியர் கரும்பலகையில் சோக்கால் கீறித்தான் படிப்பித்தார். "ஊதா போய்க்கொண்டே இருக்கும், ஒரு துளியில் இளஞ்சிவப்பு நிற்கும், அதுதான் முடிவுப் புள்ளி" என்று சொல்லிவிட்டு, வெள்ளைச் சோக்கால் அந்தப் புள்ளியைப் போட்டார். நாங்கள் அந்த நிறத்தைக் காணாமலே கணக்குச் செய்தோம், சோதினையும் எழுதினோம்.

சரி, வேலைக்கு வருவோம். கொண்டிஸில் முதல்நாள் செய்தது பெரிய பிழை. அளக்காமல் அரைத் தேக்கரண்டி எடுத்து 500 லீற்றர் தாங்கிக்குள் கொட்டிக் கலக்கினேன். அதே அளவைப் பிறகு நிறுத்துப் பார்த்தபோது 3.4 கிராம். அடுத்த நாள் குழாயைத் திறந்தால் ரோசாத் தண்ணீர். கொண்டிஸ் தொட்ட என் விரல்கள் நாலும் மண்ணிறம், சவர்க்காரத்துக்கு அசையவில்லை.

தண்ணீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏலுமா என்று பார்க்க 20 லீற்றர் வாளி ஒன்றை நிரப்பி, 500 மில்லிகிராம் விற்றமின் சி குளிசை ஒன்றைக் கரண்டியால் நொறுக்கிப் போட்டேன். தூள் கரையக் கரைய அதைச் சுற்றி ரோசா நிறம் விலகிக்கொண்டே போனது. அகப்பையால் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள் வாளி முழுக்க வெளுத்து, மெல்லிய மஞ்சள் சாயல் மட்டும் நின்றது. கரும்பலகையில் "தாழ்த்தும் கருவி" (மற்றதுக்கு இலத்திரனைக் கொடுக்கும் பொருள்) என்று எழுதிய சொல்லுக்கு நிறம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். விரல்க் கறைக்குத் தேசிக்காய்ப் புளியோடு இன்னொரு குளிசையைக் குழைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. மீதித் தண்ணீரை வாழைக்குத் திறந்துவிட்டேன்.

இதில் பொற்றாசியம் என்ன செய்கிறது என்று மகள் கேட்டாள். நல்ல கேள்வி, ஏனென்றால் பெயரில் முன்னுக்கு நிற்பது அதுதான். பொற்றாசியம் உலோகமாக இருந்தால் தன் ஒற்றை வெளி இலத்திரனைக் கொடுக்க அந்தரப்படுகிற பொருள். தண்ணீர் பட்டாலே தீப்பற்றும், எண்ணெய்க்குள்தான் வைக்க வேண்டும். அதைவிடப் பலமான தாழ்த்தும் கருவிகள் சிலதான். ஆனால் கொண்டிஸுக்குள் இருக்கும்போது அந்த இலத்திரனை ஏற்கெனவே கொடுத்து முடித்துவிட்டது. ஒட்சியேற்ற எண், அதாவது எத்தனை இலத்திரனைக் கொடுத்திருக்கிறது என்ற கணக்கு, +1. தாக்கத்துக்கு முன்னும் +1, பின்னும் +1. வேலை செய்வது மங்கனீசு. அது +7இல் இருந்து +4க்கு இறங்குகிறது, மூன்று இலத்திரன் வாங்குகிறது. இரும்பு ஒவ்வொன்றும் ஓர் இலத்திரனைக் கொடுத்து +2இல் இருந்து +3 ஆகிக் கறளாகிறது. ஒரு பரமங்கனேற்றுக்கு மூன்று இரும்பு. சாம்பலிலும் அதே கதைதான், அங்கே வேலை செய்தது காபனேற்று. இரண்டிலும் பொற்றாசியம் பக்கத்தில் நின்றது.

சும்மா நின்றது என்று சொல்லவும் மாட்டேன். இதே பரமங்கனேற்றைச் சோடியத்தோடு சேர்த்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும். பொற்றாசியத்தோடு சேர்ந்தால்தான் காய்ந்த, ஊசிபோன்ற, கறுத்த ஊதாப் பளிங்காக நிற்கும். நான் தராசில் நிறுத்து அளவாகப் போட முடிந்தது அதனால்தான்.

அளவு கண்டுபிடிக்க ஐந்து ஜாம் போத்தல் எடுத்தேன், ஒவ்வொன்றும் ஒரு லீற்றர். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு 1,900 ரூபா. ஒரு கிராம் கொண்டிஸை ஒரு லீற்றர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லிலீற்றரில் ஒரு மில்லிகிராம். மருந்துக்கடை ஊசியால் போத்தல்களுக்கு 2, 3, 4, 5, 6 மில்லி விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். கிணற்றிலிருந்து நேராக எடுத்த தண்ணீருக்கு 4 வரை நிறம் போனது, 5இல் நின்றது. அறிக்கையை வைத்துக் கணக்குப் போட்டாலும் அதுவே வரும். ஒரு மில்லிகிராம் இரும்புக்கு 0.94 மில்லிகிராம் கொண்டிஸ், ஒரு மில்லிகிராம் மங்கனீசுக்கு (கிணற்றுத் தண்ணீரில் அதுவும் கரைந்திருக்கிறது) 1.92. எங்கள் தண்ணீரில் இரும்பு 3.8, மங்கனீசு 0.4. மொத்தம் 4.3 அளவில். பிறகு கூடைகளுக்குள்ளால் வந்த தண்ணீருக்குப் பார்த்தேன். காற்று பாதி இரும்பை முடித்துவிட்டதால் 2.5 போதும். அரை அரை மில்லியாகக் கூட்டிப் பார்த்து, 3 மில்லிப் போத்தலில் இளஞ்சிவப்பு போகாமல் நின்றபோது மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். ரோசாப்பூவின் உள்ளிதழ் நிறம். சோக்கால் போட்ட புள்ளியை இருபத்தைந்து வருசத்துக்கு மேலான பிறகு முற்றத்தில் கண்டேன்.

கூடையைக் கழற்றாமல் விட்டது நல்லதாய்ப் போயிற்று. காற்று இலவசம், அது செய்து முடித்த மிச்சத்துக்கு மட்டும் கொண்டிஸ்.

500 லீற்றருக்கு 1.25 கிராம். தினமும் நிறுக்க ஏலாது என்பதால் 10 கிராமை ஒரு லீற்றரில் கரைத்து மண்ணிறக் கண்ணாடிப் போத்தலில், வெளிச்சம் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். அதில் 125 மில்லி. தாங்கி மூன்றிலொரு பங்கு நிரம்பும்போது ஊற்றத் தொடங்கி, நிரம்பி முடியுமுன் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு முடிப்பேன். விழுகிற தண்ணீரே கலக்கிவிடும். இரவு முழுக்க அடையவிட்டுக் காலையில் வடிக்குத் திறப்பேன்.

வடியில் இன்னொரு பிழை. 200 லீற்றர் நீலப் பரல், பழையது, 6,500 ரூபா. அடியில் ஓரங்குல பிவிசி குழாயை எச் வடிவில் பொருத்தி, கீழ்ப்பக்கமாக 4 மில்லிமீற்றர் துளைகள் இரண்டு அங்குலத்துக்கு ஒன்று. அதன்மேல் 10 சென்ரிமீற்றர் முக்கால் இஞ்சிச் சல்லி, 10 சென்ரிமீற்றர் கால் இஞ்சிச் சல்லி, மேலே 50 சென்ரிமீற்றர் மணல். பூச்சுக்குக் கொண்டுவந்து மிஞ்சிக் கிடந்த மணலைக் கழுவிப் போட்டேன். இரண்டே நாளில் அடைத்து, தண்ணீர் மணலுக்கு மேலேயே நின்றது. பூச்சு மணல் அவ்வளவு மெல்லியது. முழுவதையும் அள்ளி வெளியே போட்டேன்.

இரண்டாம் முறை வாங்கினது பரும்மணல். நுளம்பு வலையால் விழுந்து, மா அரிதட்டில் நிற்கிறது மட்டும். 125 லீற்றர் மணல் அப்படிச் சலிக்க நாலு நாள் எடுத்தது. கையில் அள்ளித் தண்ணீரில் விட்டால் கலங்கல் வராத அளவுக்குக் கழுவ இன்னும் ஒரு நாள். இதில் அவசரப்படக் கூடாது. மற்றது, தாங்கியிலிருந்து வடிக்குப் போகும் குழாயை அடியிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயர்த்தினேன். கறளில் பெரும்பகுதி தாங்கிக்குள்ளேயே தங்கும், கிழமைக்கு ஒருக்கா அடிவால்வைத் திறந்து ஒரு கிடங்குக்குள் விட்டால் போதும். கிடங்கு கிணற்றிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வடியின் வேகத்தை மணித்தியாலத்துக்கு 250 லீற்றருக்குக் கட்டுப்படுத்தினேன். 20 லீற்றர் வாளி ஐந்து நிமிடத்தில் நிரம்பினால் கிட்டத்தட்ட அந்த அளவு.

முதல் மூன்று கிழமை இரும்பு போனது, ஆனால் வாளியின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று வந்தது. மங்கனீசு முழுவதும் நிற்கவில்லை. கொண்டிஸைக் கூட்டலாமா என்று நினைத்துவிட்டுப் பொறுத்தேன். ஐந்தாவது கிழமை மேல் மணலைக் கொஞ்சம் அள்ளிப் பார்த்தால், பொன்னிறமாகப் போட்ட மணல் எள்ளு மாதிரிக் கறுத்திருந்தது. ஒவ்வொரு மணிக்கும் மங்கனீசு ஈரொட்சைட்டுப் படலம். பரமங்கனேற்று தாழ்த்தப்பட்டு மிஞ்சுவது அதுதான். அந்தக் கறுப்பு மணல் கரைந்த மங்கனீசைத் தன்மேல் பிடித்துவைத்துக்கொள்ளும். விரலால் தேய்த்தாலும் கறுப்புப் போகாது. அதற்குப் பிறகு வாளியில் கோடு வரவில்லை. போன கிழமை அறிக்கையில் மங்கனீசு 0.05.

செலவுக் கணக்கு: பரல் 6,500, குழாய், எல்போ, வால்வ் எல்லாம் 5,200, மணலும் சல்லியும் 4,000, கூடைகள் 1,800, அடித்தளத்துக்குச் சீமெந்து ஒரு பை 2,200, தராசு 1,900, கொண்டிஸ் 100 கிராம் 1,400. மொத்தம் 23,000 ரூபா. ஆய்வுகூடக் கட்டணமும் முதல் வாங்கின வடியும் இதில் இல்லை. மாதம் 38 கிராம் அளவில் கொண்டிஸ் போகிறது. கூடக் கேட்டால் மருந்துக்கடையில் எதற்கு என்று விசாரிப்பார்கள். உலகம் முழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், கேட்கத்தான் வேண்டும். அறிக்கையைக் காட்டி வாங்கினேன்.

திரும்பச் செய்தால் முதல்நாளே பின்கழுவலுக்கு, அதாவது தண்ணீரைக் கீழிருந்து மேலே விட்டு மணலைக் கழுவுவதற்கு, வால்வ் வைப்பேன். இப்போது மூன்று கிழமைக்கு ஒருக்கா மேல் மணலில் ஐந்து சென்ரிமீற்றரை அள்ளிக் கழுவிப் போடுகிறேன், முதுகு நோகிறது. பரலை முதலில் சீமெந்துக் கல்லின்மேல் வைத்தேன். மணலும் தண்ணீரும் சேர்ந்து 350 கிலோவுக்குக் கிட்ட வந்ததால் ஒரு மழைக்கு ஒரு பக்கம் தாழ்ந்தது. தளம் போட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கொண்டிஸ் பளிங்கைப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், சீனி, கிளிசரின், பெற்றோல் எதுவும் கிட்ட இல்லாமல் வையுங்கள். கிளிசரின் பட்டால் தானாகத் தீப்பிடிக்கும். இந்த அளவுக் கொண்டிஸ் கிருமியைக் கொல்லாது, தண்ணீரின் கடினத்தையும் உப்பையும் எடுக்காது. குடிக்க இன்னும் ஆர்.ஓ. தண்ணீர்தான்.

முந்தாநாள் மாரி தொடங்கிவிட்டது. நேற்றுப் பின்னேரம் ஜாம் போத்தல்களை மறுபடி வரிசையாக வைத்தோம், இந்த முறை ஊசி பிடித்தது மகள். 2.5 மில்லிப் போத்தலில் இளஞ்சிவப்பு நின்றுவிட்டது, 2இல் போனது. இன்று காலையிலிருந்து 125 மில்லியை 100 ஆக்கியிருக்கிறேன்.